இருபத்திரண்டில் பதினான்கு

எழுபது என்று சொன்னேன். உண்மையில் எண்பது இருக்கும். பஸ் இன்னும் அடிவாரத்துச் செக்போஸ்ட்டைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் எண்பது என்றால் கோகிலா பயந்துவிடுவாள், அவள் முகம் மாறினால் அதைப் பார்த்து எனக்கு இன்னொரு பத்து ஏறும். அதனால் எழுபது. தையல் அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘செக்போஸ்ட் 70’ என்று எழுதிக்கொள்கிறாள். முன்பக்கங்களில் யார் யாருடைய கைநீளமோ தோள் அகலமோ இருக்கும், பின்பக்கத்தில் அண்ணியின் பயம். சிரிப்பு வந்தது. வந்ததும் எங்கேயோ இறுக்கிப் பிடித்துக்கொண்டது, சிரிக்கிற அளவுக்கு ஆகிவிட்டதா உனக்கு என்று. கோகிலா என் வீட்டுக்காரரின் தங்கை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜாக்கெட் தைக்கிற கடை வைத்திருக்கிறாள். முகூர்த்த மாதம், துணி குவிந்து கிடக்கிறது, ஷட்டரை இறக்கிவிட்டு எனக்காக வந்திருக்கிறாள். வீட்டுக்காரர்தான் வருகிறேன் என்றார். எனக்கு வைத்தியம் பார்க்கிற மனநல ஆலோசகர் ஹெப்சிபா மேடம் வேண்டாம் என்றுவிட்டார். ‘உங்க வீட்டுக்காரர் ரொம்ப நல்லவருங்க மரகதம், அதனாலதான் வேண்டாம்ங்கிறேன்.’ நல்லவர்தான். பதினாறு மாதமாக டிவியில் பஸ் கவிழ்ந்த செய்தி வந்தால் ரிமோட்டைத் தேடுகிறார். எங்கே போவதானாலும் ஸ்கூட்டரில் கூட்டிப்போகிறார், மலை கண்ணில் படாத ரோடாகப் பார்த்து. நான் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்தால் முதுகைத் தடவி, மறந்துரு மரகதம், மறந்துரு என்கிறார். அவர் மறந்துரு என்னும்போதெல்லாம் எனக்கு அது முதலில் இருந்து ஆரம்பிக்கும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது. கோகிலாவுக்கு மேடம் கொடுத்த கட்டளை இதுதான்: ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லக் கூடாது, தைரியமா இருங்கன்னு சொல்லக் கூடாது, வேணும்னா கையைப் பிடிச்சுக்கலாம், வளைவுக்கு ஒரு தரம் பயம் நூத்துக்கு எவ்வளவுன்னு நம்பர் கேக்கணும், அவ்வளவுதான். ‘ஆறுதல் சொல்லவே கூடாதுங்களா?’ என்று கோகிலா கேட்டாள். சொல்லாமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஜாக்கெட் பிடிக்கிறது என்று வந்து நிற்கிற பெண்ணுக்குக்கூட நீ இளைச்சிருவே கண்ணு என்று சொல்லி அனுப்புகிறவள்.

ஒன்று கீழ் இருபத்திரண்டு என்று மஞ்சள் பலகை போகிறது. பஸ் முதல் வளைவில் வலது பக்கம் சாய்கிறது. உடம்புக்கு இந்தச் சாய்வு தெரியும். ஆறு வருஷம் தினமும் காலை ஏழரை வண்டியில் ஏறி, மேலே மேல்கொல்லை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்து, சளி பார்த்து, சர்க்கரை பார்த்து, சாயங்காலம் மூன்றே முக்கால் வண்டியில் இறங்கியவள் நான். லேப் டெக்னீசியன். அப்போதெல்லாம் இரண்டாவது வளைவுக்குள் தூங்கிவிடுவேன். தலை ஜன்னல் கம்பியில் மோதி மோதி நெற்றியில் ஒரு தழும்பே இருந்தது, அந்தத் தழும்பின் மேல்தான் இப்போது தையல் தழும்பு. பாதத்தைத் தரையில் அழுத்து. மேடம் முதல் மூன்று வாரம் சொல்லிக் கொடுத்தது அதுதான், வேறு எதுவும் கேட்கவில்லை, என்ன நடந்தது என்றுகூடக் கேட்கவில்லை. மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும், பாதம் தரையில் இருக்கிறதா பாருங்க, கண்ணுக்குத் தெரியறது அஞ்சு சொல்லுங்க. முன் சீட்டு ஆள் கழுத்தில் பவுடர். கம்பியில் தொங்கும் மஞ்சப்பை. டிரைவர் தலைக்கு மேல் சாமி படம், அதில் காய்ந்த மரிக்கொழுந்து. கோகிலாவின் கால் மெட்டி. ஐந்தாவது, ஐந்தாவது வேண்டாம், ஐந்தாவதாக என் கண் போய் நின்றது எனக்கு முன்னால் சீட்டுக்கடியில் யாரோ வைத்திருக்கும் சாக்குமூட்டை. வண்டி விழுந்த அன்றைக்கும் இருந்தது. சௌசௌ மூட்டை. ‘நம்பர் அண்ணி?’ எழுபத்தைந்து. உள்ளதைத்தான் சொன்னேன். பொய் சொன்னால் வைத்தியம் வேலை செய்யாது என்று மேடம் சொல்லியிருக்கிறார், ஜுரமானியைச் சுடுதண்ணியில் வெச்சுட்டு டாக்டர்கிட்ட காட்டற மாதிரி என்று. நான் லேப்காரி, எனக்கா தெரியாது. தெரிந்தும் சொல்லாத ஒன்று இருக்கிறதே. அதை இப்போது நினைக்க வேண்டாம். மூன்றாவது வளைவு. பின்னாலிருந்து கண்டக்டர் யாரிடமோ சொல்கிறார், முன்னாடி இடம் இல்லீங்க. இல்லீங்க. அந்தச் சொல் காதில் விழுந்ததும் முதுகில் வியர்த்தது. எத்தனை பேர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிற சொல். பால் இல்லீங்க, கரண்ட் இல்லீங்க, டாக்டர் இல்லீங்க. நானே லேப் ஜன்னலில் உட்கார்ந்து ரிசல்ட் இன்னும் வரலை, இல்லீங்க என்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன்.

மேடத்தின் அறை மாவட்ட ஆஸ்பத்திரியில் மாடியில், எக்ஸ்ரேவுக்குப் பக்கத்தில். புதன்கிழமைகளில் போவேன். அவர் மேஜைக்குப் பின்னால் உட்கார மாட்டார், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கவாட்டில் உட்காருவார். முதல் நாளே கேட்டேன், மேடம் இதை மறக்க வைக்க முடியுமா என்று. ‘மறக்க வைக்கிறது என் வேலை இல்லைங்க. ஞாபகம் வர்றப்பவும் நீங்க சோறு சாப்பிடணும், பஸ் ஏறணும், தூங்கணும். அதுக்கு என்ன செய்யறதுன்னு பார்க்கலாம்.’ அப்புறம் ஒரு ஏணி போட்டோம். பேப்பரில்தான். கீழ்ப் படியில் ஏர்-ஹாரன் சத்தம், இருபது. பஸ் ஸ்டாண்டில் நிற்பது, நாற்பது. நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸில் ஏறி உட்கார்வது, ஐம்பது. ஒரு டிரைவர் பாவம், டிப்போவில் வண்டியை நிறுத்திவிட்டு எனக்காக அரைமணி நேரம் டீ குடித்தார். டவுன் பஸ். பைபாஸ் பஸ். மேல் படியில், மலை வண்டி, பள்ளத்துப் பக்க ஜன்னல், பதினான்காவது வளைவு: நூறு. ஒவ்வொரு படியிலும் நம்பர் இறங்குகிறவரை அங்கேயே இருக்க வேண்டும், ஓடக் கூடாது. ஓடினால் பயம் சொன்னது சரி என்று ஆகிவிடுமாம். இருந்து பார்த்தால், ஏறினது தானாக இறங்கும், உடம்பு அவ்வளவு நேரம் பயந்துகொண்டே இருக்க முடியாது, அதற்கும் அலுத்துவிடும். அது நிஜம்தான். பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் நின்றபோது கடைசியில் எனக்குக் கால்தான் வலித்தது. ஏழாவது வளைவு. சவுக்கு மரங்கள் முடிந்து சில்வர் ஓக் ஆரம்பிக்கிறது. காற்று மாறுகிறது, டீசலோடு காப்பிச் செடி வாசம். இந்த வாசம் எனக்குப் பிடிக்கும். பிடித்திருந்தது. இப்போதும் பிடிக்கிறதா என்று மூக்கைக் கேட்டால் அது பதில் சொல்ல மாட்டேன் என்கிறது. விபத்துக்குப் பிறகு கீழே டவுன் லேப்பில் தற்காலிகமாகப் போட்டுக் கொடுத்த டெபுடேஷன் அடுத்த மாதம் முடிகிறது, அதற்குப் பிறகு மேலே போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் வேலையை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். விட்டுவிடு என்கிறார் வீட்டுக்காரர். விட்டால் என்ன. விட்டால் நான் வீட்டிலேயே இருப்பேன், பதினான்காவது வளைவும் என்னோடு வீட்டிலேயே இருக்கும். ‘நம்பர்?’ எண்பது. ‘எழுதிட்டேன்’ என்கிறாள், என் கையைப் பிடிக்கிறாள். விரல் நுனியில் ஊசி குத்திக் குத்திக் காய்த்த சொரசொரப்பு. அன்றைக்கு அந்தக் கையும் சொரசொரப்புத்தான். பிடித்த கை. இல்லை, இது கோகிலா கை. பாதம். தரை.

படி ஏறியது மட்டும் இல்லை, நடந்ததைச் சொல்லவும் வேண்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, இப்போது நடக்கிற மாதிரி. ‘உட்கார்ந்திருந்தேன்னு வேண்டாங்க. உட்கார்ந்திருக்கேன்னு சொல்லுங்க.’ என் போனிலேயே பதிவு செய்து, அதை வீட்டில் தினமும் ஒரு தரம் கேட்க வேண்டும். சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்து பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, சமையலறைத் தரையில் உட்கார்ந்து கேட்பேன். என் குரல் எனக்கே யாரோ போல இருக்கும். நான் மூன்றாவது வரிசையில உட்கார்ந்திருக்கேன். மணி நாலு பத்து. எனக்கும் ஜன்னலுக்கும் நடுவுல ஒரு அம்மா உட்கார்ந்திருக்காங்க, அம்பது அம்பத்தஞ்சு இருக்கும், மலைக்காரங்க, காலடியில சௌசௌ மூட்டை. கண்ணு, கால கொஞ்சம் நகத்திக்கன்னு சொல்றாங்க. நான் நகத்திக்கிறேன். டிரைவர் ஏதோ கத்தறாரு. வண்டி வளைவுல திரும்பல. நேரா போகுது. கைப்பிடிச் சுவரு இடிபடற சத்தம். அப்புறம் சத்தமே இல்ல. அப்புறம் எல்லாமே சத்தம். முதல் தடவை இந்த இடத்தோடு நிறுத்திவிட்டு வாந்தி எடுத்தேன். இரண்டாம் தடவை மேலே போனேன். வண்டி பக்கவாட்டுல கிடக்குது. ரெண்டு சீட்டுக்கு நடுவுல என் இடுப்பு மாட்டியிருக்கு. அந்த அம்மா எனக்குக் கீழ இருக்காங்க, முகம் தெரியல, கை மட்டும் தெரியுது. என் மணிக்கட்டைப் பிடிச்சிருக்காங்க. ஆளுங்க மேல ரோட்டுல கத்தறாங்க. நாங்க காத்திருக்கோம். ஆளுங்க கயிறு கட்டி இறங்கறாங்க. என்னைத் தூக்கறாங்க. இவ்வளவுதான், பதினெட்டு நிமிஷம் வரும். ஐந்தாறு வாரம் கேட்டுக் கேட்டு, சுவர் இடிபடும் இடத்தில் இப்போது எனக்கு வாந்தி வருவதில்லை. சில நாள் அந்த இடத்தில் குக்கர் போடணும் என்று ஞாபகம் வரும். மேடத்திடம் வெட்கத்தோடு சொன்னேன். அவர் சிரித்து, ‘நல்லதுங்க, அது பழசாகுது’ என்றார். அப்புறம் சொன்னார், ‘ஒரு இடத்துல மட்டும் வேகமாப் போறீங்க. நாங்க காத்திருக்கோம்னு சொல்றீங்களே, அங்க. முக்கால் மணி நேரம் காத்திருந்திருக்கீங்க, அது ஒரே வரியில வந்துருது.’ நான் போனை எடுத்துப் பைக்குள் வைத்தேன். ‘இப்ப வேண்டாம்னா வேண்டாம். எப்ப வேணுமோ அப்ப’ என்றார். அவர் வற்புறுத்தியிருந்தால்கூட மறுத்திருக்கலாம். அப்படி விட்டுவிட்டதுதான் கூடவே வருகிறது, சமையலறைக்கு, குளியலறைக்கு, இந்த பஸ்ஸுக்கு.

பத்தாவது வளைவு. எண்பத்தைந்து. வண்டி முதல் கியரில் முக்குகிறது, யாரோ ஒரு குழந்தை வாந்தி எடுக்கிறது, அதன் அம்மா ஜன்னலுக்கு வெளியே தலையைப் பிடித்துக்கொள்கிறாள். அந்த முக்கால் மணி நேரத்தில் என்ன நடந்தது என்றால் ஒன்றுமே நடக்கவில்லை. அந்த அம்மா கேட்டார்கள், கண்ணு, தண்ணி வெச்சிருக்கியா. நான் சொன்னேன், இல்லீங்க. செரி கண்ணு என்றார்கள். அவ்வளவுதான். என் சாப்பாட்டுப் பை என் நெஞ்சுக்கும் சீட்டுக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது, அதற்குள் ஒரு லிட்டர் பாட்டில், மத்தியானம் நிரப்பியது, முக்காலுக்கு மேல் இருந்தது. கை எட்டும். இடது கை சும்மாதான் இருந்தது. மூடியைப் பல்லால் திருகியிருக்கலாம். பதினாறு மாதமாக அந்த மூடியை நான் பல்லால் திருகிக்கொண்டிருக்கிறேன். ஏன் இல்லை என்றேன். எத்தனை நேரம் ஆகுமோ என்று நினைத்தேனா. இவர்களுக்குக் கொடுத்தால் பின்னால் முனகுகிற எல்லோரும் கேட்பார்கள் என்று நினைத்தேனா. நினைத்துச் சொன்னதாகவே ஞாபகம் இல்லை, கேட்டதும் வந்துவிட்டது. வந்த பிறகு அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. இல்லை என்று சொன்ன வாயால் இதோ இருக்கிறது என்று எப்படிச் சொல்வது, அந்த நிலைமையிலும் எனக்கு வெட்கமாக இருந்தது, மனுஷி சாகக் கிடக்கிறாள், நான் பொய் வெளியே தெரிந்துவிடும் என்று பார்க்கிறேன். அதைவிடவும் ஒன்று இருக்கிறது. நான் மூச்சை இழுத்து விடும்போது பை அசைந்து பாட்டிலில் தண்ணி தளும்பியது. சின்னச் சத்தம்தான். ஆனால் அந்த அம்மாவின் காது என் பைக்குப் பக்கத்தில் இருந்தது. சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று நான் அசையாமல் கிடந்தேன். சின்னச் சின்னதாக மூச்சு விட்டேன். எனக்கும் தாகம், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, குடிக்கவில்லை. குடித்தால் தெரிந்துவிடும். அவர்களுக்குக் கேட்டிருக்குமோ. கேட்டுவிட்டுத்தான் செரி கண்ணு என்றார்களோ. இல்லை, அது அதற்கு முன்னால். அதற்குப் பிறகு அவர்கள் தண்ணி கேட்கவே இல்லை. என் மணிக்கட்டை விடவும் இல்லை. வந்துருவாங்க கண்ணு, வந்துருவாங்க, ஆளுங்க சத்தம் கேக்குது பாரு என்று எனக்குச் சொன்னார்கள். எனக்கு.

டாக்டர்கள் சொல்லியிருப்பார்கள், நான் கேட்டிருந்தால். வயிற்றில் அடிபட்டவர்களுக்குத் தண்ணி கொடுக்கக் கூடாது என்பது எனக்கே தெரியும், பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த நியாயம் எனக்கு மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும்போதுதான் வந்தது. வந்ததும் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது, எழுந்து உட்கார்ந்தேன், நர்ஸ் ஓடி வந்தாள். அரைமணி நேரம் தாங்கவில்லை அது. அங்கே கிடந்தபோது எனக்கு வயிறும் ஞாபகம் இல்லை, பயிற்சியும் ஞாபகம் இல்லை, பாட்டில் ஒன்றுதான் ஞாபகம் இருந்தது. பேப்பரில் அவர்கள் பெயர் வந்திருந்தது. இறந்த நான்கு பேரில் மூன்றாவது பெயர், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் என்று. அந்தப் பெயரை நான் இதுவரை வாயால் சொன்னதில்லை. அந்த அம்மா, அந்த அம்மா என்றுதான் பதிவிலும் சொல்கிறேன். ஏன் மேடத்திடம் சொல்லவில்லை. திட்டுவார் என்றா. இல்லை. ஒன்றுமில்லை மரகதம், அந்த நிலைமையில யாரா இருந்தாலும் அப்படித்தான், நீங்க குடுத்திருந்தாலும் பிழைச்சிருக்க மாட்டாங்க என்று சொல்லிவிடுவாரோ என்றுதான். அவர் சொல்லாவிட்டாலும் மற்ற எல்லோரும் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் முழுசாகக் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவார். அந்த நல்ல வார்த்தையை வாங்கி நான் எங்கே வைப்பேன். எல்லோரும் என்மேல் குற்றமில்லை என்று விட்டுவிட்டால் அந்த அம்மா பக்கம் யார் இருக்கிறார்கள். இதுவரை நான் ஒருத்தியாவது இருந்தேன். பன்னிரண்டு கீழ் இருபத்திரண்டு. ‘அண்ணி, நம்பர்?’ தொண்ணூறு. ‘தொண்ணூறு’ என்று திருப்பிச் சொல்லி எழுதுகிறாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள், ஏதோ சொல்ல வந்து விழுங்குகிறாள், பாவம்.

பதின்மூன்று. அடுத்தது. வண்டி நிற்கிறது. ஏன் நிற்கிறது. வளைவில் மேலேயிருந்து சவுக்குக் கட்டை ஏற்றிய லாரி இறங்கிக்கொண்டிருக்கிறது, ஒரே வீச்சில் திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் எடுக்கிறான், நம் டிரைவர் ஒதுங்கி நிற்கிறார், சரியாகப் பதினான்கு கீழ் இருபத்திரண்டு என்ற பலகைக்கு எதிரே, பள்ளத்துப் பக்கம். என் பக்கம். கைப்பிடிச் சுவரில் ஒரு பத்தடிக்குப் புதுச் சிமெண்ட், பழைய கல்லில் சேராமல் வெளிறித் தெரிகிறது. அதற்குக் கீழே மரங்கள். இலை இருக்கிறது எல்லாவற்றிலும். ஒடிந்த மரம் ஒன்றுகூடத் தெரியவில்லை, நான் தேடுகிறேன், தெரியவில்லை. நெஞ்சு அடித்துக்கொள்வது காதில் கேட்கிறது, கைவிரல் மரத்துப்போகிறது, எழுந்து இறங்கிவிடலாம், வண்டி நின்றுதான் இருக்கிறது, கதவு அந்தப் பக்கம், இறங்கி நடந்தே போய்விடலாம். இருந்து பாருங்க, ஓடாதீங்க, தானா இறங்கும். இறங்கவில்லை மேடம். இது பஸ் இல்லை மேடம், பஸ் பயம் இல்லை இது, பஸ் பயத்தோடு இன்னொன்றை முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன், இதை இழுத்தால் அதுவும் வருகிறது. ‘நம்பர் அண்ணி.’ சொல்லவில்லை. ‘அண்ணி, நம்பர் சொல்லுங்க.’ என் வாய் நான் நினைக்காததைச் சொல்கிறது, அன்றைக்குச் சொன்ன மாதிரியே, கேட்டதும் வந்துவிடுகிறது. ‘தண்ணி கேட்டாங்க கோகிலா. இல்லீங்கன்னு சொன்னேன். இருந்துச்சு.’ அவள் பார்க்கிறாள். ‘யாரு அண்ணி?’ ‘கையைப் பிடிச்சிருந்தாங்கன்னு சொல்வேன்ல, அந்த அம்மா. என் பையில பாட்டில் இருந்துச்சு. முக்கால் பாட்டில். கை எட்டற தூரம்தான். இல்லீங்கன்னு சொல்லிட்டேன். தண்ணி தளும்பற சத்தம் கேட்டுடக் கூடாதுன்னு அசையாமக் கிடந்தேன்.’ லாரி ஹாரன் அடிக்கிறது. முன் சீட்டு ஆள் கழுத்தைத் திருப்பப் பார்த்துவிட்டுத் திருப்பாமல் இருக்கிறார். கோகிலா வாயைத் திறக்கிறாள். மூடிக்கொள்கிறாள். அவள் தொண்டையில் வார்த்தை மேலே வந்து கீழே போவது எனக்குத் தெரிகிறது, ஒண்ணும் இல்ல அண்ணி என்பதுதான் அது, என் வீட்டுக்காரரின் ரத்தம்தானே அவளும், அந்த வார்த்தை வரப்போகிறது, வந்தால் நான் என்ன செய்வேன். அவள் நோட்டைப் பார்க்கிறாள். ‘நம்பர் எவ்வளவு அண்ணி?’ என்கிறாள், மெதுவாக. ‘நூறு.’ எழுதுகிறாள். பதினாலு, நூறு.

லாரி கடைசியில் திரும்பிவிட்டது. நம் வண்டி கிளம்பவில்லை, டிரைவர் எதற்கோ இறங்கிப் பின்சக்கரத்தைப் பார்க்கிறார். கோகிலா பென்சிலை நோட்டுக்குள் வைத்து மூடினாள். என்னைப் பார்க்காமல், முன் சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், ‘குடுத்திருக்கலாம் அண்ணி.’ கொஞ்ச நேரம் கழித்து, ‘நானா இருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு யோசிச்சேன். தெரியல. ஆனா குடுத்திருக்கலாம்’ என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, தீர்ப்பும் இல்லை, இந்தக் கை கொஞ்சம் தளர்த்தியாக வெட்டியிருக்கலாம் என்கிற மாதிரி. ஆமா என்றேன். குடுத்திருக்கலாம். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பதினாறு மாதத்தில் ஒருத்தர் என்னிடம் இதைச் சொல்வதற்காகத்தான் நான் உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது, எனக்கே தெரியாமல். அது அவ்வளவு பெரியது, அதற்கு மேல் பெரியது இல்லை. கொலை இல்லை. ஒன்றுமில்லாததும் இல்லை. ஒரு மிடறு தண்ணி. கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. அழுகை வந்தது, சத்தமில்லாமல், மூக்கு ஒழுகுகிற அழுகை. கோகிலா முந்தானையைக் கொடுக்கவில்லை, தன் பையிலிருந்து ஒரு லைனிங் துணித் துண்டை எடுத்துக் கொடுத்தாள், மஞ்சள் நிறம், ஓரம் வெட்டாதது. டிரைவர் ஏறினார். வண்டி நகர்ந்தது. புதுச் சிமெண்ட் ஜன்னலில் கடந்து போனது, நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன், கண்ணை மூடவில்லை. பதினைந்தில் கேட்டாள். தொண்ணூறு. பதினாறில், எண்பத்தைந்து. பதினேழிலும் எண்பத்தைந்து. பதினெட்டில் கேட்க மறந்துவிட்டாள், நானே சொன்னேன், எழுபது இருக்கும் என்று. ‘இருக்குமா, இருக்கா?’ இருக்கு. பயம் போய்விடவில்லை. வளைவு வந்தால் வயிறு சுருங்குகிறது, ஆனால் அது பஸ்ஸைப் பார்த்து வருகிற சுருக்கம், எல்லோருக்கும் கொஞ்சம் வருவது, அந்த வாந்தி எடுத்த குழந்தைக்கு வந்தது. அந்த அம்மா அதற்குள் இல்லை. அவர்கள் தனியாக, பக்கத்தில், தங்கள் இடத்தில் இருக்கிறார்கள்.

மேல்கொல்லையில் இறங்கியபோது மணி பதினொன்று பத்து. திரும்பும் வண்டி பதினொன்றே முக்காலுக்கு. அதுவரை இங்கே இருக்க வேண்டும் என்பதும் ஏணியில் உண்டு. பஸ் ஸ்டாண்டு என்று ஒரு தகரக் கூரை, சிமெண்ட் பெஞ்சு, மிளகு மூட்டை எடை போடும் கடை, பஜ்ஜிக் கடை. ஆஸ்பத்திரிக்குப் போகும் சந்து அப்படியே இருக்கிறது. மூட்டை தூக்குகிற ஒருவர் என்னைப் பார்த்து நின்று, ‘ரத்தம் எடுக்கற அம்மாதானே, திரும்பி வந்துட்டீங்களா’ என்றார். பார்க்கலாங்க என்றேன். கோகிலா பஜ்ஜி வாங்கப் போனாள், பசி தாங்கவில்லையாம், பயந்தால் அவளுக்குப் பசிக்குமாம். நான் மேடத்துக்குப் போன் செய்தேன். இரண்டு கோடுதான் சிக்னல். ‘சொல்லுங்க மரகதம், எங்க இருக்கீங்க?’ ‘மேல இருக்கேன் மேடம்.’ அந்தப் பக்கம் எக்ஸ்ரே அறைக்கு முன்னால் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம். ‘மேடம், நான் சொன்னதுல ஒண்ணு விட்டிருக்கேன்.’ ‘காத்திருந்த இடத்துலயா?’ ‘ஆமாங்க.’ ‘புதன்கிழமை அதைச் சேர்த்துச் சொல்லலாமா? இல்ல, இப்பவே சொல்லணுமா?’ என்று கேட்டார். எனக்கு என்ன வேண்டும் என்று யோசித்தேன். புதன்கிழமைக்கு இன்னும் நாலு நாள். அதற்குள் நான் மறுபடியும் வேகமாகப் போகப் பழகிவிடுவேன். ‘நானே இங்க பதிவு பண்ணி எடுத்துட்டு வரட்டுங்களா?’ ‘பண்ணுங்க. பக்கத்துல ஆள் இருக்காங்களா?’ ‘இருக்கா மேடம். பஜ்ஜி வாங்கறா.’ ‘அவங்க பக்கத்துல இருக்கும்போது பண்ணுங்க’ என்று வைத்தார். கோகிலா எண்ணெய் ஊறின பேப்பரோடு வந்து உட்கார்ந்தாள். போனில் பதிவு செய்யும் இடத்தைத் திறந்து பெஞ்சின் மேல் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தேன். பழையது எல்லாம் வரிசையாக இருந்தது, தேதி போட்டு. புதிதாக ஒன்று. அவள் ஒரு கையால் தின்றுகொண்டே இன்னொரு கையை என் முழங்காலில் வைத்தாள். கண்ணை மூடலாமா என்று பார்த்தேன், வேண்டாம் என்று தோன்றியது. எதிரே மிளகுக் கடைக்காரர் முறத்தில் தூசு புடைத்துக்கொண்டிருந்தார். சிவப்புப் புள்ளியை அழுத்தினேன். நான் மூன்றாவது வரிசையில உட்கார்ந்திருக்கேன், என்றேன். மணி நாலு பத்து. ஜன்னல் பக்கம் சின்னப்பாப்பான்னு ஒருத்தங்க உட்கார்ந்திருக்காங்க.